பூ விலை முதல் வட்டி விகிதம் வரை: பொருளியலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளியலைப் பள்ளியில் படித்து மறந்தவர்களும், போட்டித் தேர்வுக்காக இப்போது புதிதாகத் தொடங்கியவர்களும், கடை நடத்துபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பொருளாதாரம்னா பணத்தைப் பத்தின படிப்புதானே சார்?

பணம் இந்தப் படிப்பில் வரும். ஆனால் இந்தத் தொகுப்பில் எட்டாவது கேள்வியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வருவது பற்றாக்குறை. திருமங்கலம் பக்கம் ஒரு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் வைத்திருப்பவர் அதில் மல்லிகை வைக்கலாம், நெல் நடலாம், மாட்டுக்குத் தீவனப்புல் போடலாம். மூன்றையும் முழு ஏக்கரில் செய்ய முடியாது. நிலம், தண்ணீர், ஆள், நேரம் ஆகிய எல்லாவற்றுக்கும் எல்லை இருப்பதால் மனிதர்கள் ஒன்றை எடுத்து இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வை எப்படிச் செய்கிறார்கள், லட்சக்கணக்கானவர்கள் தனித்தனியே செய்யும் தேர்வுகள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன விளைகிறது என்பதைத்தான் பொருளியல் ஆராய்கிறது.

பணமே புழங்காத ஊரிலும் இந்தச் சிக்கல் இருக்கும். அதனால் எந்தப் பொருளாதாரச் செய்தியைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள் என்பேன்: இதைப் பெறுவதற்கு எது விட்டுக்கொடுக்கப்படுகிறது, அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது?

2. "வாய்ப்புச் செலவு"ன்னு புத்தகத்துல இருக்கு. பணமே கொடுக்காத விஷயத்துக்குச் செலவு எப்படி வரும்?

ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்டவற்றுள் மிகச் சிறந்ததன் மதிப்பே வாய்ப்புச் செலவு. சொந்தக் கட்டடத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர், "எனக்கு வாடகைச் செலவு இல்லை, மாதம் 25,000 மிச்சம்" என்று சொல்வது வழக்கம். அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டால் 18,000 வாடகை வரும், அவரே இன்னொரு கடையில் கணக்கு எழுதினால் 15,000 சம்பளம் வரும் என்று வைத்துக்கொண்டால், அவருடைய கடை மாதம் 8,000 ரூபாய் நட்டத்தில் ஓடுகிறது. கையிலிருந்து ஒரு பைசாகூடப் போகாததால் அந்த நட்டம் அவருக்குத் தெரிவதில்லை. எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்ற நிம்மதிக்கு அவர் 8,000 ரூபாய் கொடுக்கத் தயார் என்றால் அது நியாயமான தேர்வே. ஆனால் அது கொடுக்கப்படும் விலை என்பதை அறிந்து கொடுக்க வேண்டும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வது சங்கடமான வேலை. பயிற்சிக் கட்டணம் மட்டுமே செலவு என்று நினைக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளமும் அனுபவமும் அதைவிடப் பெரிய செலவு. இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே கழிந்துபோன ஆண்டுகள் எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது. "இவ்வளவு வருஷம் படிச்சாச்சு, இப்போ விட முடியுமா" என்பது கழிந்ததை வைத்துப் போடும் கணக்கு. இனிவரும் ஓர் ஆண்டுக்கு என்ன விலை, அதில் கிடைக்கக்கூடியது என்ன என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

3. போன வாரம் முன்னூறுக்கு வித்த மல்லிப்பூ பொங்கலுக்கு ரெண்டாயிரத்தைத் தாண்டுது. யார்தான் இந்த விலையை முடிவு பண்றாங்க?

ஒருவரும் தனியாக முடிவு செய்வதில்லை என்பதே விடை. ஆனால் அதை நம்புவதற்குச் சந்தையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே விடியலில் பறிக்கப்பட்டுக் காலையில் மதுரை மாட்டுத்தாவணிக்கு வந்து சேர்கிறது. மாலையில் மலர்ந்துவிடும், மறுநாள் அதற்கு மதிப்பில்லை. ஆகவே அன்று வந்த பூ அன்றே விற்றாக வேண்டும். மார்கழி, தை மாதங்களின் குளிரில் மல்லிகைச் செடி மிகக் குறைவாகவே பூக்கும். அதே நேரத்தில் பொங்கல் வருகிறது, தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்குகின்றன. வருகிற பூ கால்வாசியாகிவிட்ட நாளில் வாங்க வருகிறவர்கள் இரு மடங்கானால், இருக்கிற பூ யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை ஏதோ ஒன்று தீர்த்துவைக்க வேண்டும். விலை அதைத்தான் செய்கிறது: "இந்த விலைக்கு வேண்டாம்" என்று சிலர் கனகாம்பரத்துக்கோ சம்பங்கிக்கோ விலகும்வரை ஏறுகிறது. விலகியவர்கள் போக மிஞ்சியவர்களின் தேவையும் வந்திருக்கும் பூவின் அளவும் ஒத்துப்போகும் இடத்தில் நிற்கிறது.

கோடையில் இது தலைகீழாகும். செடிகள் பூத்துக் குலுங்கும்போது விலை விழுந்துகொண்டே போய்ப் பறிகூலிக்கும் கட்டாத நிலை நெருங்கும். அப்போது நிலக்கோட்டை, சத்தியமங்கலம் வட்டாரங்களில் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஆலைகள் மலிவான பூவை மொத்தமாக எடுத்துக்கொள்கின்றன. அந்த ஆலைகள் தையில் இந்தப் பக்கமே திரும்புவதில்லை. ஒரே பூவுக்குத் தலையில் சூடுபவர், கோயில் மாலை கட்டுபவர், சென்ட் ஆலை என்று வெவ்வேறு விலை வரம்பு உடைய வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வரிசைப்படுத்தினால் அதுவே புத்தகத்தில் நீங்கள் பார்க்கும் தேவைக் கோடு.

இரண்டாயிரம் ரூபாய் விலை இன்னொரு வேலையையும் செய்கிறது. குளிர்காலத்திலும் பூக்கும்படி கவாத்து செய்யும், அதாவது கிளைகளை வெட்டிவிடும், நேரத்தை மாற்றிப் பார்க்கலாமே என்ற எண்ணத்தை விவசாயிக்கு அது கொடுக்கிறது. அந்த விலை தவறு என்று தடுத்துவிட்டால் அந்த எண்ணமும் தடைபடும்.

4. அதெல்லாம் சரி, நடுவுல இருக்கிற வியாபாரி பதுக்குறதாலதானே விலை ஏறுது?

மல்லிகையைப் பதுக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். பதுக்கவே முடியாத பொருளும் ஏழு மடங்கு விலை ஏறுகிறது என்றால், பதுக்கல் எல்லா விலையேற்றத்துக்கும் காரணமாக இருக்க முடியாது. பதுக்கக்கூடிய பொருளுக்குப் பெரிய வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் கோடையின் தொடக்கத்தில் அறுவடையாகும் வெங்காயத்தைக் கொட்டகைகளில் சேமித்துவைத்துத்தான் நாடு மழைக்காலம் முழுவதும் சமைக்கிறது. அறுவடைக் காலத்தில் வாங்கி வைப்பவர் அப்போதைய விலை அடியோடு விழாமல் பிடிக்கிறார். பின்னால் விற்பவர் அப்போதைய விலை மேலும் ஏறாமல் தடுக்கிறார். இடையில் அழுகுவதும் எடை குறைவதும் அவர் நட்டம். இதற்குச் சேமிப்பு என்று பெயர்.

ஆனால் வியாபாரி எல்லாச் சமயத்திலும் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு சந்தையில் வாங்குபவர்கள் நான்கே பேர், அவர்களும் காலையில் பேசிவைத்துக்கொண்டு ஏலம் கேட்கிறார்கள் என்றால் மூன்றாம் விடையில் சொன்ன எதுவும் அங்கே நடக்காது. விவசாயி விதைக்கும்போதே கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் விளைந்ததை அந்தக் கடைக்குத்தான் போட வேண்டும், கேட்ட விலைக்குத்தான் போட வேண்டும். ஆகவே கவலைப்பட வேண்டியது இடைத்தரகர் இருப்பதைப் பற்றியல்ல. போட்டிக்கு இன்னொரு இடைத்தரகர் இல்லாததைப் பற்றி.

5. விலை ஏறினா ஜனங்க வாங்குறது குறையும்னா, பெட்ரோலும் உப்பும் மட்டும் ஏன் அப்படியே ஓடுது?

குறையத்தான் செய்கிறது, எவ்வளவு குறைகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த அளவுக்கு நெகிழ்ச்சி என்று பெயர். மாற்றுப் பொருள் எளிதில் கிடைத்தால், வருமானத்தில் அது பெரிய பங்கை விழுங்கினால், முடிவை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தால் நெகிழ்ச்சி அதிகம். உப்புக்கு மாற்று இல்லை, மாதச் செலவில் அது ஒரு பொருட்டும் இல்லை. பெட்ரோல் விலை ஏறிய மறுநாள் நீங்கள் அலுவலகத்துக்கு அருகே வீடு மாற்ற மாட்டீர்கள். ஆனால் அடுத்து வாங்கும் வண்டி மின்சார வண்டியாக இருக்கலாம். குறுகிய காலத்தில் அசையாதது நீண்ட காலத்தில் அசையும்.

அரசுகள் பெட்ரோல், மது, புகையிலை ஆகியவற்றின் மேல் கண்ணை மூடிக்கொண்டு வரி போடுவதற்கும் இதுவே காரணம். நெகிழ்ச்சி குறைந்த பொருளில் வரி போட்டால் விற்பனை அதிகம் சரியாது, வருவாய் உறுதி. பெட்ரோலும் டீசலும் 2017 ஜூலை 1 அன்று வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்குள் இன்றுவரை கொண்டுவரப்படாததில் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இருக்கும் அரிய ஒற்றுமையை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும்.

6. அரசாங்கமே ஒரு விலையை நிர்ணயம் பண்ணிட்டா பிரச்சினை தீர்ந்துடாதா?

சென்னையின் ஆட்டோ மீட்டரைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. எரிபொருள் விலையும் உதிரிப்பாக விலையும் ஏறிக்கொண்டே போக, அந்தக் கட்டணம் பல ஆண்டுகள் திருத்தப்படாமலே இருந்தது. விளைவாக மீட்டர் வண்டியில் இருந்தது, ஓடவில்லை. பயணி பேரம் பேசினார், அல்லது செயலியில் நேரத்துக்கு நேரம் மாறும் விலையைக் கொடுத்தார். சந்தை நிலவரத்துக்கு வெகு கீழே வைக்கப்படும் உச்ச விலை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது: சட்டத்தில் ஒரு விலை, தெருவில் ஒரு விலை, அல்லது அந்த விலைக்குப் பொருளே கிடைக்காமை.

விலையை உத்தரவிடுவதும் சந்தைக்குள் பொருளைக் கொண்டுவந்து கொட்டுவதும் வேறு வேறு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. கோயம்பேட்டு வியாபாரியை 60-க்கு விற்கச் சொல்லவில்லை. தானே வாங்கி, வித்தியாசத்தைத் தன் பணத்தில் ஈடுகட்டியது. அதனால் தக்காளி தெருவிலிருந்து மறையவில்லை. நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையும் இந்த வகைதான்: நேரடிக் கொள்முதல் நிலையம் உண்மையில் மூட்டையை எடுத்தால் அந்த விலைக்கு உயிர் உண்டு. நிலையத்து வாசலில் நெல் நாள்கணக்கில் கிடந்து மழையில் முளைத்தால் அறிவித்த விலை தாளில் மட்டும் இருக்கும்.

7. ரேஷன் அரிசி சும்மா, பஸ் சும்மா. இந்த இலவசமெல்லாம் பொருளாதாரத்துக்குக் கேடுன்னுதானே படிச்சவங்க சொல்றாங்க?

இரண்டாம் விடைப்படி இலவசம் என்று ஒன்று கிடையாது. வாங்குபவர் கொடுக்கவில்லை என்றால் வேறொருவர் கொடுக்கிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள் என்றால், அந்தத் தொகையை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. அதே பணத்தில் புதிய பேருந்துகள் வாங்கியிருக்கலாம். படித்தவர்கள் சொல்வது இதுவரை சரி.

ஆனால் பயணச்செலவுக்கு அஞ்சித் தெருவிலேயே குறைந்த கூலிக்கு வேலை செய்த பெண், இரண்டு பேருந்து மாறிப்போய்க் கூடுதல் சம்பளம் வாங்குகிறார் என்றால் அதையும் கணக்கில் எழுத வேண்டும். 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோதும் இதே எதிர்ப்பு எழுந்தது. பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் உடலும் படிப்பும் பின்னால் தொழிற்சாலைகளுக்குக் கிடைத்த முதலீடு என்று இன்று அதே படித்தவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். எல்லா இலவசமும் இப்படிப் பலன் தரும் என்றும் சொல்ல முடியாது. தேர்தலுக்கு முன் கொடுக்கும் ஒரு மின்சாதனமும் தினமும் பள்ளியில் போடும் சாப்பாடும் "இலவசம்" என்ற ஒரே தலைப்பில் வருவதுதான் விவாதத்தைக் கெடுக்கிறது.

8. ரிசர்வ் வங்கிகிட்டதான் அச்சகம் இருக்கே, வேணுங்கிற அளவு நோட்டு அடிச்சு எல்லாருக்கும் கொடுத்தா என்ன?

நோட்டு அடிக்கலாம், அரிசியை அடிக்க முடியாது. ஊரில் இருக்கும் பொருள் அதே அளவில் இருக்க, எல்லார் கையிலும் பணம் இரட்டிப்பானால் மூன்றாம் விடையில் பூவுக்கு நடந்தது எல்லாப் பொருளுக்கும் நடக்கும். ஜிம்பாப்வே இதைச் செய்து பார்த்தது. 2009 ஜனவரியில் அங்கே 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர், அதாவது நூறு லட்சம் கோடி டாலர், என்று அச்சிட்ட ஒரே நோட்டு வெளிவந்தது. அடுத்த சில மாதங்களில் மக்கள் அந்த நாணயத்தையே கைவிட்டு அமெரிக்க டாலரில் புழங்கத் தொடங்கினார்கள்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: நம் பொருளாதாரத்தில் உள்ள பணத்தில் பெரும்பகுதி தாளே அல்ல, வங்கிக் கணக்குகளில் உள்ள எண்கள். வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது அவர் கணக்கில் புதிய வைப்பு தோன்றுகிறது. அதனால்தான் பணத்தின் அளவைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கி அச்சகத்தைவிட வட்டி விகிதத்தை நம்புகிறது. அது பதினோராவது கேள்வி.

9. பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு செய்தியில சொல்றாங்க. கடையில எந்த விலையும் குறையலையே?

செய்தியும் சரி, நீங்களும் சரி. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். போன ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கியது இந்த ஆண்டு 107 ஆனால் பணவீக்கம் 7 சதவீதம். அடுத்த ஆண்டு 111 ஆனால் பணவீக்கம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. பழைய 100-க்கு எப்போது திரும்பும் என்று கேட்டால், பெரும்பாலும் திரும்பாது. சட்டப்படி ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கே 4 சதவீதம், மேலும் கீழும் இரண்டு சதவீதம் தளர்வு. விலை மெதுவாக ஏறுவதுதான் திட்டம்.

10. அரசாங்கம் அஞ்சு சதவீதம்னு சொல்லுது, எங்க வீட்டுச் செலவு பதினஞ்சு சதவீதம் ஏறியிருக்கு. பொய்தானே சொல்றாங்க?

பொய் என்பதைவிட, அவர்கள் அளப்பது உங்கள் வீட்டை அல்ல என்பது பொருத்தம். நாட்டின் சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று ஒரு கூடை போட்டு, அதன் மொத்த விலை மாறுவதை அளக்கிறார்கள். 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்திய குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் 45.86 சதவீதம், வீட்டு வாடகை வகைக்கு 10.07, மருத்துவத்துக்கு 5.89, கல்விக்கு 4.46 என்று பங்கு கொடுத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்கவைத்து, நகரத்தில் வாடகைக்கு இருந்து, வயதான பெற்றோருக்கு மருந்து வாங்கும் குடும்பத்தின் கூடை இதற்கு அருகில்கூட வராது. கட்டணமும் வாடகையும் ஏறும் ஆண்டில் உங்கள் பணவீக்கம் அரசுக் கணக்கைத் தாண்டும். காய்கறி மட்டும் ஏறும் ஆண்டில் அரசுக் கணக்கு உங்களுடையதைத் தாண்டலாம். 2023 ஜூலையில் அது 7.44 சதவீதத்துக்குத் தாவியதில் தக்காளிக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் நினைவும் ஒருதலைப்பட்சமானது. ஏறிய விலை மனத்தில் தங்கும். செல்பேசியின் இணையக் கட்டணம் பல ஆண்டுகளில் எவ்வளவு மலிந்தது என்பதை யாரும் வீட்டுச் செலவுப் புலம்பலில் சேர்ப்பதில்லை.

11. ரெப்போ ரேட்டுக்கும் என் வீட்டுக் கடன் தவணைக்கும் என்ன சம்பந்தம்? தக்காளி விலை ஏறினா நான் ஏன் கூடுதல் வட்டி கட்டணும்?

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கும் வட்டியே ரெப்போ விகிதம். 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை, வங்கி தானே தீர்மானிக்காத வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்பது விதி; பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே எடுத்துக்கொண்டன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு 7 சதவீதத்தில் வாங்கியவரின் தவணை சுமார் 23,260. வட்டி 9.5 ஆனால் அது சுமார் 27,960 ஆக வேண்டும். "தவணையை ஏற்ற வேண்டாம், காலத்தை நீட்டுங்கள்" என்று கேட்டவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது: 30 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டி மட்டுமே மாதம் 23,750. பழைய தவணை வட்டிக்கே போதாது; கடன் புதிதாக வாங்கியதாக இருந்தால் எத்தனை ஆண்டு நீட்டினாலும் முடியாது.

ரிசர்வ் வங்கியின் எதிர்பார்ப்பு, கடன் விலை ஏறினால் வீடு, வாகனம், புதிய ஆலை ஆகியவற்றில் மக்கள் செலவைத் தள்ளிப்போடுவார்கள், எல்லாப் பொருளுக்குமான தேவை தணியும் என்பது. தக்காளி விலையை வட்டியால் இறக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். தக்காளியைச் சாக்காக வைத்துச் சம்பளம், வாடகை, ஓட்டல் இட்லி என்று எல்லாரும் விலையை ஏற்றத் தொடங்குவதைத்தான் தடுக்கப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தத் தடுப்பின் சுமை கடன் வாங்கியவர் மேலும், வேலை தேடுபவர் மேலும் விழுகிறது. உணவுப் பணவீக்கத்துக்கு வட்டியை ஆயுதமாக்குவது சரியா என்ற விவாதம் பொருளியலாளர்களுக்குள்ளேயே ஓயவில்லை. குளிர்பதனக் கிடங்கும் பாசனமும் செய்ய வேண்டிய வேலையை வட்டி விகிதத்திடம் ஒப்படைக்கிறோம் என்று சொல்பவர்கள் பக்கமே என் சாய்வு.

12. பேங்க்ல ஏழு சதவீதத்துக்கு டெபாசிட் போட்டிருக்கேன். லாபம்தானே?

ஒரு லட்சத்துக்கு ஓர் ஆண்டில் 7,000 வரும். நீங்கள் 20 சதவீத வரி கட்டுபவர் என்றால் 1,400 போய் 5,600 மிஞ்சும். அந்த ஆண்டில் விலைவாசி 6 சதவீதம் ஏறியிருந்தால், ஒரு லட்சத்துக்குக் கிடைத்த பொருளை வாங்க 1,06,000 வேண்டும். உங்களிடம் இருப்பது 1,05,600. பாஸ்புத்தகம் பெருத்தது, வாங்கும் சக்தி மெலிந்தது. விலைவாசியைக் கழித்துப் பார்க்கும் வட்டியே உண்மை வட்டி. வைப்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். வீட்டில் ரொக்கமாக வைத்திருந்தால் இழப்பு இன்னும் பெரிது.

13. ஜிடிபி ஏழு சதவீதம் வளருதாம். என் சம்பளம் ஏன் வளரல?

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது நாட்டுக்குள் ஓர் ஆண்டில் உருவான இறுதிப் பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பு. அது மொத்தம், பங்கீட்டைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாது. மென்பொருளும் நிதிச் சேவையும் வேகமாக வளர்ந்து, நீங்கள் வேலை செய்யும் தறிக்கூடம் நின்ற இடத்திலேயே நின்றாலும் மொத்தம் வளரும்.

எதை எண்ணுகிறார்கள் என்பதும் விசித்திரமானது. விவசாயி தன் வீட்டுக்கு வைத்துக்கொண்ட நெல், விற்காவிட்டாலும், கணக்கில் சேரும். அந்த நெல்லின் அரிசியை அவர் மனைவி சமைத்துப் பரிமாறுவது சேராது. அதே சமையலை ஓட்டலில் சம்பளத்துக்குச் செய்தால் சேரும். பயன்படாத அளவுகோல் என்று இதை ஒதுக்க வேண்டாம்; எதற்கு அளவுகோல் என்று தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

14. ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய்னு சரியுறது நாட்டுக்கு அவமானம் இல்லையா?

ஒரு டாலருக்கு ஏறத்தாழ 150 ஜப்பானிய யென் வரும் ஆண்டுகளிலும் ஜப்பான் நம்மைவிடப் பணக்கார நாடுதான். ஆகவே எண்ணைப் பார்த்து மானம், அவமானம் பேச இடமில்லை. மாற்று விகிதமும் ஒரு விலை. மூன்றாம் விடையும் இரண்டாம் விடையும் இங்கும் செல்லும். ரூபாய் சரிந்தால் டாலரில் விற்கும் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ஒரு பனியனுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேலும், சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேலும் வெளியிலிருந்து வாங்கும் நாட்டில், தாளிக்கும் ஒவ்வொருவரும் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

கவலைப்பட வேண்டியது சரிவின் வேகமும் நாட்டின் டாலர் கையிருப்பும். இலங்கை 2021-இல் தன் ரூபாயை டாலருக்குச் சுமார் 200 என்ற அளவில் பிடித்து வைத்திருந்தது. பிடித்து வைக்க டாலரைச் செலவழிக்க வேண்டும். கையிருப்பு வற்றி, 2022 மார்ச்சில் பிடியை விட்டபோது, இரண்டு மாதங்களுக்குள் அது 350-ஐத் தாண்டியது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வரிசையில் நின்றவர்களுக்கு மாற்று விகிதம் என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆறாம் விடையில் சொன்ன ஆட்டோ கட்டணத்தின் பெரிய வடிவம் இது.

15. நமக்கு வேண்டியதையெல்லாம் நாமே செஞ்சுக்கிட்டா வெளிநாட்டை நம்ப வேண்டாமே?

ஒரு கற்பனைக் கணக்கு. தையற்கூடம் ஒன்றில் அனுபவசாலியான கட்டிங் மாஸ்டர் மணிக்கு 60 துண்டு (ஒரு சட்டைக்கான துணியை ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வோம்) வெட்டுவார், அல்லது 12 சட்டை தைப்பார். புதிதாக வந்தவர் மணிக்கு 10 துண்டு வெட்டுவார், அல்லது 8 தைப்பார். இரண்டிலும் மாஸ்டரே கெட்டிக்காரர். இருவரும் தனித்தனியே வெட்டித் தைத்து முடித்தால் எட்டு மணி நேரத்தில் மொத்தம் 115 சட்டை தேறும். புதியவர் தைப்பது மட்டும், மாஸ்டர் எல்லா வெட்டும் மீதி நேரத்தில் தையலும் என்று பிரித்துக்கொண்டால் 133 சட்டை. காரணம் இரண்டாம் விடையில் இருக்கிறது: மாஸ்டர் ஒரு சட்டை தைக்க 5 துண்டு வெட்டுவதை விடுகிறார், புதியவர் விடுவது ஒன்றே கால் துண்டு. தையலில் திறமை குறைந்தவரே மலிவாகத் தைக்கிறார். நாடுகளுக்கிடையே வணிகம் பயன் தருவதற்கும் இதுவே அடிப்படை.

இந்தக் கணக்கு சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 133 சட்டை என்பது மொத்தம். அந்தக் கூடுதல் 18 யாருக்குப் போகிறது என்பது தனிக் கேள்வி. வெளிநாட்டுப் பொருள் வந்து ஒரு தொழில் மூடப்படும்போது, வேலை இழந்த ஐம்பது வயதுக்காரர் மறுநாளே மென்பொருள் எழுதப் போக மாட்டார். மொத்தம் வளர்கிறது என்பவரும், தன் ஊர் செத்துவிட்டது என்பவரும் ஒரே நேரத்தில் உண்மை பேச முடியும்.

16. இறக்குமதிக்கு வரி போட்டா அதை வெளிநாட்டுக்காரன்தானே கட்டுறான்? அமெரிக்கா போட்ட வரியைத் திருப்பூர்தானே கட்டிச்சு?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானது. அந்த வரியை அமெரிக்கத் துறைமுகத்தில் செலுத்துபவர் அங்குள்ள இறக்குமதியாளர். ரசீது அவர் பெயரில்தான். ஆனால் ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பதும் சுமை யார் மேல் விழுகிறது என்பதும் ஒன்றல்ல. வழக்கமான சுங்க வரியை ஒதுக்கிவிட்டு, 4 டாலர் பனியன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரி 2 டாலர், இறக்குமதியாளருக்கு அடக்கம் 6. அவர் திருப்பூருக்குப் பேசி "விலையைக் குறை" என்கிறார். ஆலை 3.50-க்கு இறங்கினால் வரி 1.75, அடக்கம் 5.25. இப்போது அமெரிக்க அரசுக்குப் போகும் 1.75-இல் அரை டாலர் திருப்பூரிலிருந்து வருகிறது, மீதி 1.25 அங்குள்ள கடைக்காரரும் சட்டை வாங்குபவரும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியது.

அந்தப் பங்கை நிர்ணயிப்பது ஐந்தாம் விடையில் பார்த்த நெகிழ்ச்சி: எளிதில் விலகிப்போக முடியாதவர் அதிகம் சுமப்பார். அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் வரி சுமார் 20 சதவீதமாக இருந்ததால், அமெரிக்க வாங்குபவருக்கு விலகிப்போக இடம் இருந்தது. திருப்பூர் ஆலையிடமோ அந்த வாங்குபவரின் பெயர் அச்சடித்து, அவர் கேட்ட சாயத்தில் நனைத்த துணி கிடந்தது. அதை வேறு யாரிடமும் விற்க முடியாது. எனவே தொடக்க மாதங்களில் சுமை இந்தப் பக்கம் கனக்கும். ஆலை அதைத் தன் லாபத்தில் தாங்கியது போக மீதியை ஓவர்டைம் வெட்டு, பீஸ் ரேட் குறைப்பு என்று உள்ளே இறக்கும். அங்கே விலகிப்போக மிகக் குறைந்த வழி உள்ளவர் வெளி மாவட்டத்திலோ வெளி மாநிலத்திலோ இருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் தொழிலாளி.

காலம் போகப் போக இந்தப் பங்கு மாறும். ஆலைகள் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வாங்குபவர்களைத் தேடிக்கொள்ளும், அமெரிக்க வாங்குபவரும் டாக்காவின் ஆலைகள் நிரம்பிவிட்டால் அங்கும் விலை ஏறுவதைக் காண்பார். ஆகவே வரி போட்ட மூன்றாம் மாதத்தில் யார் சுமந்தார்கள் என்பதை வைத்து மூன்றாம் ஆண்டில் யார் சுமப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.